நாற்பத்தொன்றாவது கம்பம்

பத்தரை மணி விசாரணைக்கு மேட்டு டீச்சர் ஒன்பதரைக்கே வந்து, கல்வி அலுவலகத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு காக்கித் துணிப்பை. பைக்குள் நூற்று இருபத்தாறு பாட அட்டைகளும் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டும் பிள்ளைகளின் சில வகுப்பு நோட்டுகளும் இருந்தன. கைப்பையில் நான்காக மடித்த கடிதம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் கடிதத்தை எத்தனை முறை பிரித்துப் படித்தார் என்பதற்கு மட்டும் அவரிடம் கணக்கில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வைத்திருப்பவர் அவர்.

கடிதம் சுருக்கமானது. ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத் தாளில், பதினேழாம் கேள்விக்கு, நான்கு கிராமப் பள்ளிகளின் நாற்பத்தாறு மாணவர்களில் நாற்பத்து மூன்று பேர் நாற்பத்தொன்று என்ற ஒரே தவறான விடையை எழுதியிருக்கிறார்கள். விடைக்குக் கீழே ஒரே வாக்கியத்தையும் சொல் மாறாமல் எழுதியிருக்கிறார்கள். தேர்வு நேரத்தில் யாரோ விடை சொல்லியிருக்க வேண்டும் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. விசாரணை முடியும்வரை அந்த நாற்பத்தாறு பேரின் முடிவுகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

கடைசி வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பட்டியல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடிவாகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரே ஒரு பள்ளிதான். முடிவு வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாத பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகும் ஊரில், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

கட்டு கட்டாகக் கோப்புகளைச் சுமந்து போன எழுத்தர் ஒருவர் அவருக்கு முன்னால் நின்றார்.

"அந்த நாற்பத்தொண்ணு கேஸா?"

"ஆமாங்க."

"வயசுல மூத்தவன், ஒண்ணு சொல்றேன். எனக்கு எதுவும் தெரியாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுங்க. பிள்ளைங்க எழுதுச்சு, எனக்கென்ன தெரியும்னு நில்லுங்க. கேஸ் இழுத்துக்கிட்டே கிடக்கும். உங்க மேல ஒரு தூசி விழாது."

"பிள்ளைங்க முடிவு?"

"அதுவும் கிடக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மேட்டு டீச்சர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேட்டின் மேல் இருந்ததால் பள்ளிக்கு மேட்டுப் பள்ளி என்று பெயர். பள்ளியின் பெயரே அவர் பெயரானது. பதினேழு வருடமாக ஐந்து வகுப்புகளுக்கும் அவர் ஒருவர்தான். சேர்ந்த புதிதில், ஒரு நூல் ஆலைக் காவல்காரரின் மகளாக இருபத்து மூன்று வயதில் அங்கே வந்து இறங்கியபோது, அவரைப் பயமுறுத்தியது தனிமை இல்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அது தப்பு என்று சொல்ல மேட்டில் ஓர் ஆள் கிடையாது, பயம் அதுதான். பிள்ளைகளின் அப்பா அம்மா செங்கல் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவருக்கு முதுகில் ஏற்றிய மூட்டையாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி முகாமில், மதியச் சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த ஆற்றங்கரைப் பள்ளி ஆசிரியர், "டீச்சரம்மா, உங்க ஸ்கூல்ல வகுத்தல் நடக்குதா? எங்க ஸ்கூல்ல படுத்துக்கிச்சு," என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து எல்லாம் தொடங்கியது. தட்டு காய்வதற்குள், ஒரே பஸ் தடத்தில் ஐந்து ஓராசிரியர் பள்ளிகள் இருப்பதை இருவரும் விரல் விட்டு எண்ணிவிட்டார்கள்: மேடு, ஆற்றங்கரை, செங்கல் சூளை, பழைய தானியக் கிடங்கில் நடந்த பள்ளி, கடைசி ஸ்டாப். ஐந்து பேரும் ஒரே பாடத்தை ஐந்து மூலையில் தனித்தனியாகத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரரான டீச்சரின் கணவர், மிஞ்சிப்போன காக்கித் துணியில் இரண்டு அறை வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். ஒரு பள்ளியில் பலித்த பாடம் அட்டையாக எழுதப்பட்டுப் பையில் ஏறும். பை ஒரு பள்ளியில் இரண்டு நாள் இருந்து, பஸ் ஏறி அடுத்த பள்ளிக்குப் போகும். அட்டையை எடுத்து நடத்தியவர், பலிக்காமல் போனதை நோட்டில் எழுதவேண்டும். 'சரிவராதவை' என்று அதன் அட்டையில் டீச்சர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். யாருடைய அட்டையிலாவது பிழை இருந்தால் அதன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும். பை வந்ததும் முதலில் நோட்டைத் திறந்து படிக்கவேண்டும், அப்புறம்தான் அட்டை. இந்தக் கடைசி விதியை வகுத்தவர் மேட்டு டீச்சர்.

பை சுற்றத் தொடங்கிய இரண்டாம் வருடம், மேட்டில் மூன்றாம் வகுப்பு முடித்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். சூளைப் பள்ளி டீச்சர் கண்டுபிடித்த வாசிப்பு விளையாட்டு ஆற்றங்கரைக்குப் போய் மெருகேறித் திரும்பி வந்தது. கிடங்கு சாரின் தீக்குச்சிக் கட்டுகள் ஐந்து பள்ளிகளுக்கும் பத்தையும் நூறையும் புரியவைத்தன. ஒருவர் வாரக்கணக்கில் முட்டிக்கொண்ட இடத்தை இன்னொருவர் முக்கால் மணியில் தாண்டினார்.

பஸ் நடத்துநர் மட்டும் ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டார். "ஆள் இல்லாம பை மட்டும் வந்தா அது லக்கேஜ். செக்கிங் வந்தா என் வேலைக்கு உலை. டிக்கெட் போட்டுத்தான் ஏத்துவேன்." சின்ன மிஷினில் டிக்கெட்டைக் கிழித்து, பையின் காதில் செருகி அனுப்பினார். டீச்சர் ஒவ்வொரு டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டினார். பக்கத்தில் அதன் எண்ணை எழுதி, பாதி டிக்கெட் மேலும் பாதி தாள் மேலுமாக, பையில் போன புது அட்டைகளின் எண்களை எழுதிக் கையெழுத்திட்டார். ஆற்றங்கரை சார் அதைப் பார்த்துவிட்டு, "பைக்கு இவ்வளவு ரெக்கார்டு. எனக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது," என்றார்.

நூற்றுப் பதினெட்டாம் அட்டை மேட்டு டீச்சரின் சொந்த அட்டை. பள்ளிக்கு வேலி போட வந்த கம்பங்கள் முன்பக்கத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தன. மூன்று பக்கமும் திறந்து கிடந்த பள்ளிக்கு முன்னால் ஒரு வரி வேலி நின்றது. ஆடுகள் அதைச் சுற்றி வந்து வகுப்பை எட்டிப் பார்த்தன. அந்த வரியை வைத்தே பாடம் எழுதினார். இருபத்து நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம், இடைவெளி எட்டு, கம்பம் ஒன்பது. பிள்ளைகள் எல்லோரும் எட்டு என்றே சொன்னார்கள். ஆகவே அட்டையின் அடியில் பெரிதாக எழுதினார்: 'கடைசிக் கம்பத்தை மறக்காதே, ஒன்று கூட்டு.' பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நான்கு பள்ளிகளும் அட்டையைப் படியெடுத்துக்கொண்டன.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கல் உடைப்பவரின் மகள். எதற்கெடுத்தாலும் கேட்பாள் என்பதால் பள்ளிக்கூடமே அவளைக் 'கேள்வி' என்று கூப்பிட்டது. அவள் அன்றைக்கும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், வேலி சுத்தி வந்துட்டா கடைசிக் கம்பம் எது?"

"முதல்ல இருக்கிற வேலியை எண்ணு தாயி. சுத்தி வர்ற அளவுக்குக் கம்பம் வரட்டும், அப்பப் பார்த்துக்கலாம்."

வகுப்பு சிரித்தது. கேள்வி உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வில் வந்தது வட்டத் தோட்டம். சுற்றளவு நூற்று இருபது மீட்டர், மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிவதால் நாற்பது கம்பம் போதும். பிள்ளைகள் நாற்பத்தொன்று எழுதினார்கள். கீழே, சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை ஒற்றெழுத்துக்கூட விடாமல் எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்ததும் டீச்சர் மண்ணில் வட்டம் போட்டு, குச்சி நட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, சுற்று முடிந்து திரும்பியிருந்த பையிலிருந்து தன் பழைய அட்டையைத் தேடி எடுத்தார். அதன் மேல் ஒரு சிவப்புச் சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. 'வேலி சுற்றி மூடினால் ஒன்று கூட்டக் கூடாது. எங்கள் ஊரில் பஸ் திரும்பும் வட்டத்தைச் சுற்றி நட்ட கற்களை எண்ணியபோது தெரிந்தது. – கடைசி ஸ்டாப்.' தேதி, தேர்வுக்குப் பத்து நாளுக்கு முன். பை மேட்டுக்கு வந்தது மூன்றாம் தேதி, தேர்வு பன்னிரண்டாம் தேதி. அந்த ஒன்பது நாளும், தேர்வுக்குத் தயார் செய்கிற மும்முரத்தில், டீச்சர் பையைத் திறக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அப்படியே பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

இரண்டு நாளில் அனுப்பியிருந்தால் ஆற்றங்கரைக்கும் சூளைக்கும் கிடங்குக்கும் தேர்வுக்கு முன்பே சீட்டு போய்ச் சேர்ந்திருக்கும். அவர் தேதிகளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். விடை மாறவில்லை.

வியாழன் சாயங்காலம் பஸ் நிலையத்தின் சிமெண்டுத் திண்டில் கூடினார்கள். காய்ச்சலில் படுத்திருந்த கிடங்கு சார், "என் பக்கத்தை எல்லாம் தாராளமா காட்டுங்க. என் கையெழுத்து எனக்கே புரியாது," என்று போனில் முடித்துக்கொண்டார். நோட்டை அதிகாரியிடம் கொடுக்கலாமா என்பதுதான் பேச்சு. அதில் ஐந்து பேரின் ஆறு வருடத் தோல்விகளும் இருந்தன.

"நாற்பது வயசு வரைக்கும் எனக்கே பின்னம் ஒழுங்கா வராதுன்னு எழுதியிருக்கேன்," என்றார் ஆற்றங்கரை சார். "என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. பரவால்ல, குடுங்க. பின்னம் தெரியாதவன்னு யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க."

கடைசி ஸ்டாப் டீச்சர், ஐந்து பேரில் இளையவள், தலையைக் குனிந்தே இருந்தாள். "எனக்குத்தான் குத்துது அக்கா. ஒரு போன் பண்ணியிருக்கலாம். உங்க அட்டை தப்புன்னு போன் போட்டு எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. சீட்டு எழுதுறதுதான் மரியாதைன்னு நினைச்சேன்."

"நீ எழுதின. நான் படிக்கல. அதுல உனக்கென்ன குத்துது?"

அடுத்துப் பேசியது சூளை டீச்சர். அவர் ஒப்பந்த ஆசிரியர். வருடா வருடம் ஆணை வந்தால்தான் வேலை. "அக்கா, இருபத்திரண்டாம் பக்கம்," என்றார் மெதுவாக.

எல்லோருக்கும் அந்தப் பக்கம் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையை ஸ்கேலால் அடித்துவிட்டதை அவர் அதில் எழுதியிருந்தார்.

"அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துடலாமா?"

"எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டிருக்கேன்," என்றார் மேட்டு டீச்சர். "ஒண்ணு குறைஞ்சா மொத்த நோட்டையும் நம்ப மாட்டாங்க. நோட்டு இல்லைன்னா பிள்ளைங்களுக்கு வேற சாட்சி இல்ல."

நிலையத்துக்குள் ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"உன்னைக் கேக்காம குடுக்க மாட்டேன். வேண்டாம்னு சொன்னா, நான் எழுதின அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போறேன். நம்பினா நம்பட்டும்."

"நம்ப மாட்டாங்க அக்கா."

"ஆமா. நம்ப மாட்டாங்க."

சூளை டீச்சர் எழுந்து போய்த் தன் பஸ்ஸில் ஏறினார். ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "கிழிக்காதீங்க," என்று மட்டும் சொன்னார்.

பத்து நாற்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேசை, இரண்டு இரும்பு பீரோ, ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி நரைத்த கொண்டையும் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த பெண்மணி. பக்கத்தில் தட்டச்சர். மேசை மேல் நாற்பத்தாறு விடைத்தாள்கள், பள்ளிவாரியாக நான்கு அடுக்கு.

"உட்காருங்க. இதைப் பாருங்க." அதிகாரி மேலே இருந்த தாளைத் திருப்பி வைத்தார். "உங்க பள்ளிப் பிள்ளை."

அந்தப் பெண் கேள்வியின் கையெழுத்து. பதினேழாம் கேள்விக்கு எதிரே முதலில் நாற்பது என்று எழுதியிருந்தாள். அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் நாற்பத்தொன்று. கீழே அந்த வாக்கியம்.

மேட்டு டீச்சர் தாளை அருகே இழுத்துப் பார்த்தார். கடிதத்தில் இது இல்லை.

"சரியான விடையை எழுதிட்டா. அப்புறம் அடிச்சிட்டுத் தப்பா எழுதியிருக்கா," என்றார் அதிகாரி. "இந்த ஒரு தாள்தான் எனக்குப் பிடிமானம். யாரோ குறுக்க வந்து சொல்லியிருக்காங்க. யாரு?"

மின்விசிறி நான்கைந்து முறை சத்தம் போட்டது. எழுத்தர் சொன்ன ஒற்றை வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"நான்தான் மேடம்."

தட்டச்சரின் விரல்கள் நின்றன.

"ஆனா பரீட்சை ஹால்ல இல்ல. அன்னிக்கு எங்களை வேற பள்ளிக்கு மேற்பார்வைக்கு அனுப்பிட்டாங்க. நான் அந்தப் பக்கமே இல்ல. பரீட்சைக்கு மூணு வாரத்துக்கும் முன்னாடி, வகுப்புல சொன்னேன். தப்பா சொன்னேன்."

அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பையின் கதையைச் சொன்னார். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். பிள்ளைகளின் வகுப்பு நோட்டுகளைக் காட்டியபோது மட்டும் கையை உயர்த்தினார்.

"இதெல்லாம் பேனாவால எழுதினது. நேத்து ராத்திரி உட்கார்ந்துகூட எழுத வைக்கலாம். உங்க நோட்டும் அப்படித்தான். உங்க நாலு பேர் கையில இல்லாத சாட்சி ஏதாவது இருக்கா?"

"லக்கேஜ் டிக்கெட் இருக்கு மேடம்."

பக்கம் அறுபத்து நான்கைத் திறந்தார். ஒட்டியிருந்த டிக்கெட்டில் ஒன்றுமே இல்லை. பசை பட்ட இடத்தில் மிஷின் எழுத்து மொத்தமும் வெளிறி, வெறும் மஞ்சள் காகிதமாக இருந்தது. முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதுவும் அப்படியே. ஆறு வருடமாக ஒட்டினார்; ஒட்டியதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"வெறும் காகிதம்," என்றார் அதிகாரி.

"பக்கத்துல நம்பர் எழுதியிருக்கேன். டிப்போவுல அந்த நம்பரைக் கேட்டா தெரியும்."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, போனை இழுத்து டிப்போவுக்குப் பேசினார். மூன்று எண்களை நிதானமாகப் படித்தார். தேடிச் சொல்வதாக அந்தப் பக்கம் போனை வைத்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். டீச்சர் பக்க எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு. பத்தொன்பது. இருபத்திரண்டில் அதிகாரியின் விரல் நின்றது.

"'பொறுமை இழந்து இன்று ஒரு பிள்ளையை அடித்துவிட்டேன். வகுப்பே என்னைப் பார்த்துப் பயப்படுகிறது. இனி என்ன செய்வது என்று தெரிந்தவர் எழுதவும்,'" என்று வாய்விட்டு வாசித்தார். கீழே நான்கு கையெழுத்துகளில் நான்கு பதில்கள். "இது யாரு?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் வாசலில் அசைவு தெரிந்தது. சூளை டீச்சர் நின்றிருந்தார். விடுப்பு போட்டுவிட்டு, சொல்லாமல் வந்திருந்தார்.

"நான் மேடம். அதுக்கப்புறம் ஒருத்தரையும் தொட்டதில்ல. அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டயும் மறுநாளே போய்ச் சொல்லிட்டேன்."

"இதை நான் படிக்காத மாதிரி இருக்க முடியாதும்மா," என்றார் அதிகாரி. "தனியா எழுதித்தான் ஆகணும்."

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் வந்தேன்."

போன் அடித்தது. அதிகாரி கேட்டுக்கொண்டே எழுதினார். வைத்துவிட்டு, எழுதியதையும் நோட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்.

"முதல் டிக்கெட், போன மாசம் பத்தொன்பதாம் தேதி, மேட்டுலேர்ந்து ஆற்றங்கரை. நூத்திப் பதினெட்டுன்னு மேல எழுதியிருக்கீங்க. ரெண்டாவது, மூணாம் தேதி, கடைசி ஸ்டாப்லேர்ந்து மேடு. மூணாவது, பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், மேட்டுலேர்ந்து ஆற்றங்கரை." கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஒன்பது நாள் உங்ககிட்ட இருந்திருக்கு."

"இருந்துச்சு."

"உள்ள திருத்தச் சீட்டு இருந்தும் பார்க்கல."

"பார்க்கல மேடம்."

"கடைசி ஸ்டாப் பள்ளியில ஏழு பேர் எழுதினாங்க. ஏழு பேரும் நாற்பது. அவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு ரெண்டு நாளா மண்டையை உடைச்சேன்." அவர் கேள்வியின் தாளை எடுத்து மறுபடி பார்த்தார். "தன்னைக் காப்பாத்திக்கறதுக்கு ரெக்கார்டு தயார் பண்ணுவாங்க, நிறைய பார்த்திருக்கேன். தன்னை மாட்டிவிடற ரெக்கார்டை யாரும் தயார் பண்ணிப் பார்த்ததில்ல. போயிட்டு வாங்க. முடிவு திங்கக்கிழமை தெரியும்."

"பத்து மணிக்கு முன்னாடியா மேடம்?"

"தெரியும்னு சொன்னேன்."

சனியும் ஞாயிறும் நகர மறுத்தன. கணவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "பை தைச்சவன் நான்தானே. என்னையும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்றதும் ஊசியில் நூல் கோத்தார்.

திங்கள் காலை ஒன்பது ஐம்பதுக்குப் போன் வந்தது. நாற்பத்தாறு முடிவுகளும் வெளியாயின. பதினேழாம் கேள்விக்குரிய நான்கு மதிப்பெண் மட்டும் கிடையாது. பத்து மணிக்குப் பிறகு வந்த சேர்க்கைப் பட்டியலை டீச்சர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நாற்பத்தாறில் இருபத்தொன்பது பேருக்கு இடம். மேட்டின் ஒன்பது பேரில் ஐந்து பேர். கேள்வியின் பெயர் அந்த ஐந்தில் இல்லை. இரண்டு மதிப்பெண்ணில் தவறி, காத்திருப்போர் வரிசையில் இரண்டாவதாக இருந்தாள்.

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டார். முன்பக்க வேலியருகே நின்றார்கள்.

"நாற்பதுன்னு நீ எழுதினது சரி."

"தெரியும் டீச்சர். குச்சி குச்சியா வரைஞ்சு எண்ணிப் பார்த்தேன்."

"தெரிஞ்சா ஏன் அடிச்ச?"

கேள்வி அவரை வியப்பாகப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்களே."

டீச்சர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது தப்பு. நீ கேட்டப்பவே நான் எண்ணிப் பார்த்திருக்கணும்," என்றார். அன்று சாயங்காலம் கல் உடைப்பவரின் வீட்டுக்குப் போய், அதையே அவரிடமும் அவர் மனைவியிடமும், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் கைத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "ரெண்டாவது ஆள்னா, ரெண்டு பேர் வராம இருக்கணும். அவ்வளவுதானே டீச்சர்?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் டீச்சருக்கு வீடு திரும்புவது சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய் ஒரு பெயர் கழன்றது. புதன் ஒன்றுமில்லை. வியாழன் மாலை நாலேகாலுக்கு, காத்திருப்போர் பட்டியல் மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கையில், ஊர் மாறிப்போன ஒரு குடும்பத்தின் இடம் காலியானது. கேள்வி சேர்ந்தாள். கிடங்குப் பள்ளியில் அதே நான்கு மதிப்பெண் இல்லாததால் தவறிய ஒரு பெண்ணுக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அதையும் டீச்சர் நோட்டில் எழுதினார்.

சூளை டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை ஆணையும் வந்தது. மேட்டு டீச்சருக்கு, அனுமதி பெறாத பாடப்பொருளைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. பையை நிறுத்தச் சொல்வார்கள் என்று ஐந்து பேரும் பயந்திருந்தார்கள். பை தொடரலாம், ஆனால் நோட்டின் நகல் மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று அதிகாரி எழுதியிருந்தார்.

"ஆக, இனிமே எனக்குப் பின்னம் வராதது அரசாங்க ரெக்கார்டு," என்றார் ஆற்றங்கரை சார்.

நோட்டின் முதல் பக்கத்தில் விதிகளுக்குக் கீழே டீச்சர் ஒன்று சேர்த்தார்: 'சிவப்புச் சீட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்காது. வயது பார்க்காமல் உடனே போன் செய்யவும்.'

அடுத்த மாதம் ஒரு முற்பகல், மணியிலிருந்து மணியைக் கழிக்கும் கணக்குக்கான நூற்று இருபத்தேழாம் அட்டையைக் கரும்பலகையில் பாதி எழுதியிருக்கையில் போன் அடித்தது. கடைசி ஸ்டாப் டீச்சர்.

"அக்கா, வகுப்பு நடத்திக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமா. சொல்லு."

"நூத்தி இருபத்தேழாம் அட்டை," என்று அவள் தயங்கினாள். "சிவப்பு அக்கா."

மேட்டு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதுவதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"எந்த வரி?"